கல்யாணமாகி 14 மாதம், இன்னும் சேரவில்லை: ஒரு சகோதரிக்கு எழுதிய பதில்

வந்த கேள்வியை முதலில் சொல்லிவிடுகிறேன். எழுதியவரை அடையாளம் காட்டக்கூடிய எல்லாவற்றையும் எடுத்துவிட்டேன். வயது 27. சபையிலேயே பிறந்து வளர்ந்தவர், சண்டே ஸ்கூல் டீச்சர், பாடகர் குழுவிலும் இருக்கிறார். கல்யாணமாகி 14 மாதம். கணவர் நல்ல மனிதர், அதட்டிப் பேசாதவர். ஆனாலும் இருவரும் இன்னும் கணவன் மனைவியாகச் சேரவில்லை. அவர் நெருங்கினாலே இவர் உடம்பு இறுகிவிடுகிறது, தொடை நடுங்குகிறது, வலி உயிர் போகிறது, அப்புறம் விடியும்வரை அழுகை. மாமியார் மாதம் தவறாமல் “விசேஷம் உண்டா?” என்கிறார். ஊழியக்காரர் ஒருவரிடம் போய்ச் சொன்னதற்கு, 1 கொரிந்தியர் 7-ஆம் அதிகாரத்தை வாசித்துக் காட்டி, “மனைவிக்குத் தன் சரீரத்தின்மேல் அதிகாரம் கிடையாது, கீழ்ப்படியாமல் இருந்தால் ஆசீர்வாதம் வராது” என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். கடிதத்தின் முடிவில் மூன்று கேள்விகள். “கல்யாணத்துக்கு முன்னால் எனக்கு ஆசையே வரக்கூடாது என்று ஜெபித்தேன், அதுதான் இப்படிப் பலித்துவிட்டதா? நான் கீழ்ப்படியாத மனைவியா? 21 நாள் உபவாசம் எடுத்தால் சரியாகுமா?”

சகோதரி, நான் 20 வருடமாகச் சபைகளில் தம்பதியருக்கு ஆலோசனை சொல்லி வருகிறவள். உங்கள் கடிதத்தைப் போல எத்தனையோ கேட்டிருக்கிறேன். அநேகமாக எல்லாருமே, உலகத்தில் தங்களுக்கு மட்டும்தான் இப்படி என்று நினைத்துக்கொண்டுதான் வருகிறார்கள். உங்களுக்கும் அப்படித்தான் இருக்கும். பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்து பாட்டுப் பாடுகிற ஒருத்திக்கும் இதே கஷ்டம் இருக்கலாம். அவளும் வெளியே சொல்ல மாட்டாள்.

நீங்கள் சொல்லும் அடையாளங்களுக்கு மருத்துவத்தில் ஒரு பெயர் உண்டு: வஜைனிஸ்மஸ். இடுப்புக்கு அடியில் இருக்கும் தசைகள், நாம் கேட்காமலே, நம்மைக் கேட்காமலே இறுகிக்கொள்வது. கண்ணுக்குக் கிட்ட விரலைக் கொண்டுபோனால் இமை தானாக மூடிக்கொள்கிறதே, அது போல. “இமையே, கீழ்ப்படி” என்று வசனம் சொன்னால் இமை திறந்து நிற்காது. ஆபத்து வருகிறது என்று உடம்பு நினைக்கிறது, மூடிக்கொள்கிறது. ஒரு தடவை வலித்துவிட்டால் அடுத்த தடவை வலிக்குமோ என்ற பயத்தில் இன்னும் இறுகும், இறுகினால் இன்னும் வலிக்கும். இந்தச் சுற்றில்தான் நீங்கள் 14 மாதமாகச் சிக்கியிருக்கிறீர்கள். அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013-இல் நோய்களை வகைப்படுத்தும் தன் கையேட்டைத் திருத்தியபோது, இந்த இறுக்கத்தையும் உறவில் வரும் வலியையும் பயத்தையும் பிரிக்க முடியாது என்று எல்லாவற்றையும் ஒரே நோயின் கீழ் கொண்டுவந்தது. பெயர் எப்படியும் இருக்கட்டும். இது குணமாகக்கூடியது. நான் பார்த்த பெண்களில் பலர் சில மாதங்களில் நன்றாகியிருக்கிறார்கள்.

ஆகவே முதல் வேலை, ஒரு பெண் மகப்பேறு மருத்துவரைப் பார்ப்பது. ஆலோசகரிடம் வருவதற்கு முன்பே இதைச் செய்யுங்கள். ஏனென்றால் தொற்று, ஜவ்வு தடித்திருப்பது, எண்டோமெட்ரியோசிஸ் (கருப்பையின் உள்படலம் போன்ற திசு கருப்பைக்கு வெளியே வளர்வது) போன்ற உடல் காரணங்களாலும் வலி வரும், அதைக் கவுன்சிலிங் குணமாக்காது. டாக்டரிடம் எப்படிச் சொல்வது என்று கூச்சமாக இருந்தால் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள்: “கல்யாணமாகி 14 மாதம், இன்னும் உறவு நடக்கவில்லை, உடம்பு இறுகிக்கொள்கிறது, உள்பரிசோதனைக்குப் பயமாக இருக்கிறது.” அன்றைக்கே உள்பரிசோதனை வேண்டாம், அடுத்த முறை பார்க்கலாம் என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. நல்ல டாக்டர் கேட்டுக்கொள்வார். “குழந்தை பெற்றால் எல்லாம் சரியாகிடும்” என்று சிரித்துவிட்டு அனுப்பினால் வேறு டாக்டரைப் பாருங்கள். சிகிச்சை என்பது பெரும்பாலும் மூச்சுப் பயிற்சி, இடுப்புத் தசைகளைத் தளர்த்தச் சொல்லித் தரும் பிசியோதெரபி, அப்புறம் டைலேட்டர் என்கிற வழவழப்பான சிறு குழல்கள். விரலளவு மெலிதானதில் தொடங்கி, உங்கள் கையாலேயே, உங்கள் வேகத்திலேயே, வலிக்காத அளவுக்குப் பழகுவது. இதில் அசிங்கம் ஒன்றும் இல்லை. கை முறிந்து கட்டுப் பிரித்த பிறகு விரலை மடக்கிப் பழகுகிறோம், அது போல.

ஒரு உடம்பு ஏன் இப்படிப் பயந்துபோகிறது என்று கேட்டால், பல காரணங்கள் உண்டு. அதில் ஒன்றைச் சபைக்குள் இருக்கிற நாம் பேசியே ஆக வேண்டும்.

எனக்கு 16 வயது இருக்கும்போது ஒரு வாலிபப் பெண்கள் முகாமுக்குப் போயிருந்தேன். பேச வந்தவர் ஒரு வெள்ளைத் தாளை எடுத்தார். “இது நீங்கள்” என்றார். அதைக் கசக்கி உருட்டினார். பிறகு விரித்து மேஜைமேல் வைத்து உள்ளங்கையால் தேய்த்தார். “சுருக்கம் போகுதா? போகாது. ஒரு தரம் கசங்கினா கசங்கினதுதான்.” அறுபது பெண்கள் மூச்சுவிடாமல் பார்த்துக்கொண்டிருந்தோம். அந்தத் தாளின் சத்தம் இப்போதும் எனக்குக் கேட்கும். அதே முகாமில் பாவ மன்னிப்பைப் பற்றி ஒரு முழு நாள் பாடம் நடந்தது. கிறிஸ்துவின் இரத்தம் சகல பாவத்தையும் நீக்கும் என்று பாடினோம். இந்த ஒரு தாளின் சுருக்கத்தை மட்டும் அவரால் நீக்க முடியாது என்று நம்பிக்கொண்டு வீட்டுக்கு வந்தோம்.

இப்படி 10, 15 வருடம் ஒரு பெண்ணுக்குச் சொல்லித் தருகிறோம். உடம்பு ஆபத்து, ஆசை அசுத்தம், தொடுவது அழிவு. பிறகு மூன்று ஞாயிற்றுக்கிழமை ஓலை வாசிக்கிறோம், ஒரு காலையில் தாலி கட்டி மோதிரம் மாற்றுகிறோம், அன்று ராத்திரியே அவள் உடம்பு எல்லாவற்றையும் மறந்து மலர்ந்துவிட வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம். மனதுக்குச் சட்டம் மாறிவிட்டது என்று தெரியும். தசைக்குத் தெரியாது. அதற்கு யாரும் போய்ச் சொல்லவில்லை.

கல்யாணத்துக்கு முன் காத்திருப்பது தவறு என்று நான் சொல்ல வரவில்லை. நானும் காத்திருக்கச் சொல்லித்தான் கற்பிக்கிறேன், முழு மனதோடு. ஆனால் நல்ல சாப்பாட்டுக்காகப் பசியோடு காத்திருப்பது வேறு, சாப்பாடே விஷம் என்று நினைத்துக்கொண்டு காத்திருப்பது வேறு. இரண்டாவது விதத்தில் வளர்த்தவர்களுக்குப் பந்தியில் உட்காரவைத்தாலும் தொண்டையில் இறங்காது.

இனி உங்கள் முதல் கேள்வி, ஆசை.

ஆசை பாவமா? வேதாகமத்தின் இரண்டாம் அதிகாரத்திலேயே பதில் இருக்கிறது. “ஆதாமும் அவன் மனைவியுமாகிய இருவரும் நிர்வாணிகளாயிருந்தும், வெட்கப்படாதிருந்தார்கள்.” பாவம் வருவது அதற்கு அடுத்த அதிகாரத்தில். முதலில் உடம்பு, இரண்டு பேர், வெட்கமின்மை, அப்புறம்தான் விழுகை. இந்த வரிசையை நம்மில் பலர் தலைகீழாகப் படித்துவைத்திருக்கிறோம், பழத்தைத் தின்றதால்தான் இதெல்லாம் தொடங்கியது என்பது போல. நாலாம் அதிகாரம் முதல் வசனத்தில் “ஆதாம் தன் மனைவியாகிய ஏவாளை அறிந்தான்” என்று வருகிறதே, அந்த எபிரெய வார்த்தை ‘யாதா’. கர்த்தரை அறிவது என்று தீர்க்கதரிசிகள் சொல்லும் இடங்களிலும் அதே வார்த்தைதான் வரும். கூச்சத்துக்காக மறைத்துச் சொன்ன சொல் என்று சிலர் நினைப்பதுண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒருவரை ஒருவர் முழுக்கத் தெரிந்துகொள்வதுதான் அங்கே நடக்கிறது, அதற்கு அந்த வார்த்தை அளவெடுத்தது போல் பொருந்துகிறது.

பிறகு ‘இச்சை’ என்ற சொல். நம் தமிழ் வேதாகமத்தில் இது காதில் விழுந்தாலே பாவத்தின் வாடை அடிக்கும். மத்தேயு 5:28-இல் “ஒரு ஸ்திரீயை இச்சையோடு பார்க்கிற எவனும்” என்று இயேசு எச்சரிக்கிறார். அங்கே உள்ள கிரேக்கச் சொல்லையும், லூக்கா 22:15-இல் அவரே தம் சீஷரிடம் “இந்தப் பஸ்காவைப் புசிக்க மிகவும் ஆசையாயிருந்தேன்” என்று சொல்லும் சொல்லையும் எடுத்துப் பாருங்கள், இரண்டும் ஒரே வேரிலிருந்து வந்தவை. ஓர் இடத்தில் இச்சை, இன்னோர் இடத்தில் ஆசை என்று மொழிபெயர்ப்பு பிரித்துவிட்டது. ஆசை எதை நோக்கிப் போகிறது, எதிரில் இருப்பவரை மனுஷியாகப் பார்க்கிறதா, எடுத்து அனுபவிக்கும் பொருளாகப் பார்க்கிறதா என்பதில்தான் பாவமும் பாவமின்மையும் இருக்கிறது. இதே போல ‘மாம்சம்’ என்பதையும் நாம் உடம்பு என்றே எடுத்துக்கொள்கிறோம். பவுல் உடம்புக்குச் சொல்வது சரீரம். அதைப் பரிசுத்த ஆவியின் ஆலயம் என்கிறார். கலாத்தியர் 5-இல் மாம்சத்தின் கிரியைகள் என்று அவர் அடுக்கும் பட்டியலை ஒரு தரம் மெதுவாக வாசியுங்கள். விபசாரம் இருக்கிறது, வேசித்தனம் இருக்கிறது. கூடவே பகைகள், விரோதங்கள், கோபங்கள், சண்டைகள், பிரிவினைகள், பொறாமைகள் என்று நீண்டுகொண்டே போகும். சபைத் தேர்தல் சமயத்தில் நடக்கும் எல்லாமே அந்தப் பட்டியலில் உண்டு. அதற்கெல்லாம் நாம் முகாம் நடத்தித் தாளைக் கசக்கிக் காட்டுவதில்லை.

சபை எப்போதுமே உடம்பை வெறுத்தது என்றும் சொல்ல முடியாது. நான்காம் நூற்றாண்டில், இன்றைய துருக்கியில் இருக்கும் கங்கிரா என்ற ஊரில் ஆயர்கள் கூடினார்கள். குடும்ப வாழ்க்கையே அசுத்தம், துறவுதான் பரலோக வழி என்று ஒரு கூட்டம் அங்கே போதித்துக்கொண்டிருந்தது. அந்த ஆயர் சங்கத்தின் முதல் விதி என்ன தெரியுமா? விசுவாசியும் பக்தியுமுள்ள ஒரு பெண் தன் கணவனோடு படுக்கிறாள் என்பதற்காக, அவள் தேவராஜ்யத்துக்குள் போக முடியாது என்று அவளை அருவருக்கிறவன் எவனோ, அவன் சபிக்கப்பட்டவன். சகோதரி, உங்களுக்காகவே எழுதியது போல இல்லையா? பிறகு அகுஸ்தீன் என்ற ஆயர் வந்தார். கல்யாணம் நல்லது என்றே அவர் எழுதினார், ஆனால் அதற்குள் இருக்கும் ஆசையை ஆதிபாவத்தின் காயமாகப் பார்த்தார். அவருடைய நிழல் மேற்கத்திய சபைமேல் நீண்ட காலம் விழுந்து கிடந்தது, மிஷனரிகளோடு கப்பலேறி நம் ஊருக்கும் வந்தது. ஆனாலும் இங்கிலாந்து சபையின் 1662 ஜெபப்புத்தகத்தில், மோதிரம் போடும்போது மணமகன் சொல்லும் உறுதிமொழியில் “என் சரீரத்தால் உன்னைக் கனம்பண்ணுகிறேன்” என்ற வரியும் இருக்கிறது. பீடத்துக்கு முன்னால், எல்லாரும் கேட்க.

உன்னதப்பாட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பெர்னார்டு என்ற பன்னிரண்டாம் நூற்றாண்டுத் துறவி அதன்மேல் 86 பிரசங்கங்கள் செய்தார். எட்டு அதிகாரத்தில் மூன்றாம் அதிகாரத் தொடக்கத்தைத்தான் தொட முடிந்தது. எல்லாமே கிறிஸ்துவுக்கும் ஆத்துமாவுக்கும் உள்ள அன்பு என்று விளக்கினார். அந்த அர்த்தமும் இருக்கட்டும், அழகுதான். ஆனால் முதலில் அது ஒரு பெண்ணும் ஆணும் பாடும் பாட்டு. அதுவும் பெரும்பகுதியை அவள்தான் பாடுகிறாள். “அவர் தமது வாயின் முத்தங்களால் என்னை முத்தமிடுவாராக” என்று தொடங்குவது அவள் குரல். “நான் கறுப்பாயிருந்தாலும் அழகாயிருக்கிறேன்” என்கிறாள், வெயிலில் திராட்சைத்தோட்டம் காத்துக் கறுத்தவள். பெண் பார்க்க வருகிறவர்கள் முன்னால் பவுடர் அப்பிக்கொண்டு நின்ற நம் பிள்ளைகளுக்கு இந்த ஒரு வசனத்தைச் சின்ன வயதில் மனப்பாடம் பண்ணக் கொடுத்திருக்கலாம். ஒரு பெண் தன் உடம்பைத் தானே பிடித்துப்போய்ப் பார்க்கிறாள், தனக்கு வேண்டியதை வாய்விட்டுச் சொல்கிறாள், அதை வேதம் தன் நடுவிலே வைத்திருக்கிறது. எல்லா எழுத்துகளும் பரிசுத்தம், உன்னதப்பாட்டோ மகா பரிசுத்தம் என்று அகிபா என்ற யூத ரபி (வேத போதகர்) சொன்னதாக மிஷ்னா என்ற பழைய யூதச் சட்டத் தொகுப்பில் இருக்கிறது.

ஆக, உங்களுக்கு ஆசை வரக்கூடாது என்று நீங்கள் செய்த ஜெபத்தை, ஒரு பயந்த பிள்ளையின் ஜெபமாகத்தான் ஆண்டவர் கேட்டிருப்பார். அதைப் பிடித்துவைத்துக்கொண்டு தண்டிக்கிறவரை நான் வேதத்தில் பார்க்கவில்லை.

இரண்டாவது கேள்வி. இதில்தான் எனக்குக் கோபம் வருகிறது. உங்கள்மேல் இல்லை, அந்த வசனத்தைப் பாதியாக வெட்டி உங்கள் கையில் கொடுத்தவர்மேல்.

1 கொரிந்தியர் 7:4 முழுவதும் இது: “மனைவியானவள் தன் சுய சரீரத்திற்கு அதிகாரியல்ல, புருஷனே அதற்கு அதிகாரி, அப்படியே புருஷனும் தன் சுய சரீரத்திற்கு அதிகாரியல்ல, மனைவியே அதற்கு அதிகாரி.” முதல் பாதி அன்றைய ரோம உலகத்தில் யாருக்கும் புதுச் செய்தி இல்லை. மனைவியின்மேல் கணவனுக்கு அதிகாரம் என்பதைத் தெருவில் போகிறவனும் சொல்லியிருப்பான். “அப்படியே” என்று தொடங்கும் இரண்டாம் பாதிதான் அந்தக் காலத்தில் கேட்டவர்களின் காதைத் திடுக்கிட வைத்திருக்கும். அதை விட்டுவிட்டு முதல் பாதியை மட்டும் வாசிப்பது பவுலுடைய வாயைப் பொத்துவது. அடுத்த வசனத்தில் “இருவரும்... சம்மதித்தாலன்றி” என்று வருகிறது. அந்தச் ‘சம்மதம்’ என்பதற்குக் கிரேக்கத்தில் உள்ள சொல்லிலிருந்துதான் சிம்பொனி என்ற இசைச் சொல் வந்தது. இரண்டு குரல் ஒத்து ஒலிப்பது. பாடகர் குழுவில் இருக்கிற உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஒரு குரல் மட்டும் உரக்கப் பாடி இன்னொரு குரலை அமுக்கினால் அதற்குப் பெயர் வேறு.

பவுல் யூதராக வளர்ந்தவர். அந்த மரபில் தாம்பத்தியக் கடமை யாருக்கு என்று பார்த்தால் இன்னும் ஆச்சரியம். யாத்திராகமம் 21:10, அடிமையாக வந்த மனைவிக்குக்கூட அன்னத்தையும் வஸ்திரத்தையும் விவாக கடமையையும் புருஷன் குறைக்கக்கூடாது என்கிறது. கடன்பட்டவன் புருஷன். பின்னால் வந்த ரபிகள் உட்கார்ந்து இதற்குக் கணக்கே போட்டார்கள்: கூலியாளுக்கு வாரம் இரண்டு தரம், கழுதை ஓட்டுகிறவனுக்கு வாரம் ஒரு தரம், ஒட்டகம் ஓட்டுகிறவனுக்கு 30 நாளைக்கு ஒரு தரம், மாலுமிக்கு ஆறு மாதத்துக்கு ஒரு தரம். மனைவியை எத்தனை நாள் காக்கவைக்கலாம் என்பதுதான் அவர்கள் கவலை.

வலியில் துடிக்கும் உடம்பு கீழ்ப்படியாமை செய்யவில்லை. உங்கள் கணவர் உங்களைக் கட்டாயப்படுத்தாதவர் என்று எழுதியிருக்கிறீர்கள், அதற்காக நான் ஆண்டவரை ஸ்தோத்திரிக்கிறேன். இதை வாசிக்கும் வேறு சகோதரிகளுக்கு அப்படி இல்லாமல் இருக்கலாம். அவர்களுக்குச் சொல்கிறேன்: வேண்டாம் என்று அழும்போதும் வற்புறுத்தி எடுப்பதற்கு வேதத்தில் எந்த வசனமும் துணை வராது. நம் நாட்டில் 2005-ஆம் வருடக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் பாலியல் கொடுமையையும் வன்முறை என்றே கணக்கில் எடுக்கிறது. 181 என்ற எண்ணுக்குப் போன் பண்ணலாம். அதனால் விசுவாசம் குறைந்துவிடாது.

இனி நீங்கள் இருவரும் வீட்டில் செய்ய வேண்டியது.

முதலில் உறவை நிறுத்திவிடுங்கள். ஆம், கொஞ்ச நாளைக்கு முயற்சியே வேண்டாம், இருவரும் பேசி ஒப்புக்கொண்டு. “இன்றைக்கு நடக்குமா” என்ற பயம் ராத்திரி எட்டு மணிக்கே உங்களைப் பிடிக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். அந்தப் பரீட்சையை ரத்துசெய்துவிட்டால்தான் உடம்பு மூச்சு விடும். அமெரிக்காவில் வில்லியம் மாஸ்டர்ஸ், வர்ஜினியா ஜான்சன் என்ற இருவர் 1970-இல் வெளியிட்ட ஒரு முறை இது. அவர்கள் சொன்ன எல்லாவற்றையும் ஒரு கிறிஸ்தவ ஆலோசகராக நான் ஏற்பதில்லை. இதை மட்டும் நன்றியோடு எடுத்துக்கொண்டேன். வாரம் இரண்டு மூன்று நாள், கால் மணி நேரமோ அரை மணி நேரமோ ஒதுக்கி ஒருவரை ஒருவர் தொடுவது. முதலில் கை, முகம், தோள், முதுகு. எங்கேயும் போய்ச் சேர வேண்டிய அவசியமில்லை. எது இதமாக இருக்கிறது, எது கூசுகிறது, எது பயமாக இருக்கிறது என்று சொல்லிப் பழக வேண்டும். சில வாரம் கழித்து, இருவருக்கும் மனதாகும்போது, கொஞ்சம் கொஞ்சமாக மற்ற இடங்கள். டாக்டர் சொன்ன பயிற்சியும் இதோடு கூடவே நடக்கட்டும். உறவு என்பது எல்லாவற்றுக்கும் கடைசியில், அதுவும் உங்கள் கையில் கடிவாளம் இருக்கும்படி.

ஒரு தம்பதி எனக்கு நினைவுக்கு வருகிறார்கள்; விவரங்களை மாற்றித்தான் சொல்கிறேன். கல்யாணமாகி மூன்று வருடம், உங்களைப் போலவே இன்னும் சேராதவர்கள். உள்ளங்கையில் மட்டும் தொடங்குங்கள் என்று சொல்லி அனுப்பினேன். அடுத்த வாரம் வந்து உட்கார்ந்தார்கள். கணவர் தரையைப் பார்த்தபடி, “இவ மணிக்கட்டுல ஒரு தழும்பு இருக்கு மேடம். எண்ணெய் தெறிச்சதாம். பன்னெண்டு வயசுல, அவங்க அம்மா ஆஸ்பத்திரியில இருந்தப்ப இவதான் சமைச்சாளாம். மூணு வருஷமா எனக்குத் தெரியாது” என்றார். அந்தப் பெண் பதில் பேசவில்லை, புடவை நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அன்றைக்கு அந்த அறையில் ஆதியாகமம் 4:1-இன் அந்த ‘அறிந்தான்’ எனக்குப் புரிந்தது போல வேறு எங்கேயும் புரிந்ததில்லை.

உங்கள் கணவரிடம் கேளுங்கள், அவருக்கும் பயம் இருக்கிறதா என்று. நம் ஆண்பிள்ளைகளுக்கு யாரும் எதுவும் சொல்லித் தருவதில்லை. நடு ராத்திரி டிவியில் நரம்புத் தளர்ச்சி என்று மிரட்டி லேகியம் விற்கிறவர்களும், போனில் வரும் ஆபாசப் படங்களும்தான் அவர்களுடைய வாத்தியார்கள். முதலாவது, இல்லாத நோயைச் சொல்லிப் பயமுறுத்துகிறது. சுய இன்பத்தால் நரம்பு தளர்ந்துபோகும் என்பது மருத்துவத்தில் இல்லாத கதை. அதன் நல்லது கெட்டதை ஆத்துமாவின் விஷயமாகப் பேசலாம், பொய்ப் பயத்தை வைத்துப் பேச வேண்டாம். இரண்டாவது, பெண்ணுக்கு வலிப்பதையும் அழுவதையும்கூட இன்பமாகக் காட்டுகிறது. அதைப் பார்த்துப் பழகினவர் தன் மனைவியிடம் வரும்போது திணறுவார். அவர் அப்படி ஏதாவது ஒப்புக்கொண்டால் அருவருப்போடு விலகாமல், உதவி தேடச் சொல்லுங்கள். முதலிரவில் இரத்தம் வந்தால்தான் கன்னி என்ற பேச்சும் இந்தப் பொய்களோடு சேர்ந்ததுதான். பலருக்கு வராது. கன்னித்தன்மையைச் சோதித்துப் பார்க்க எந்தப் பரிசோதனையும் கிடையாது என்று உலக சுகாதார நிறுவனம் 2018-இல் வெளிப்படையாகவே சொல்லிவிட்டது.

இதைக் கேட்கத் தயங்கித்தான் கேட்கிறேன். சின்ன வயதில் யாராவது உங்களைத் தவறாகத் தொட்டிருக்கிறார்களா? உறவினர், டியூஷன் வாத்தியார், சபையில் பெரியவராக இருந்த ஒருவர்? பதில் எனக்கு எழுத வேண்டியதில்லை. அப்படி ஒன்று இருந்தால், உடம்பு இத்தனை வருடமும் உங்களைக் காவல் காத்திருக்கிறது என்று அர்த்தம். அந்தக் காவலைக் கோபித்துக்கொள்ளாதீர்கள். அதற்கென்று பயிற்சி பெற்ற மனநல ஆலோசகரிடம் தனியாகப் போங்கள், அந்தக் காயத்தைத் தொடாமல் நான் மேலே சொன்ன பயிற்சியை மட்டும் செய்வது பலன் தராது. அது உங்கள் பாவம் இல்லை. நீங்கள் அறிக்கைசெய்து மன்னிப்புக் கேட்க வேண்டிய விஷயமே இல்லை.

வீட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. இரண்டு ரூம் வீடு, நடுவில் ஒரு மெல்லிய சுவர், அந்தப் பக்கம் மாமனார் இருமுவது கேட்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். கதவுக்குத் தாழ்ப்பாள்கூட சரியாக விழாதாம். உபாகமம் 24:5 ஞாபகம் இருக்கிறதா? புதிதாய் விவாகம்பண்ணினவன் யுத்தத்துக்குப் போக வேண்டாம், ஒரு வருஷம் வீட்டிலிருந்து தான் விவாகம்பண்ணின ஸ்திரீயைச் சந்தோஷப்படுத்தட்டும் என்று இருக்கிறது. படையெடுப்பையே நிறுத்திவைத்து ஆண்டவர் கொடுத்த வருஷம் அது. உங்கள் கணவர் ஒரு தாழ்ப்பாளைச் சரிசெய்வதில் தொடங்கலாம். முடிந்தால் சில மாதம் தனியாக வாடகைக்குப் போங்கள், பெற்றோரைக் கைவிடுவதாகாது. “விசேஷம் உண்டா” என்ற கேள்விக்கு இனி நீங்கள் பதில் சொல்லக்கூடாது. அவர் சொல்ல வேண்டும்: “அம்மா, நேரம் வரும்போது நாங்களே சொல்கிறோம், இனி அவளிடம் கேட்காதீங்க.” மரியாதையாக, ஒரே தரம், உறுதியாக. அவருடைய அம்மாவிடம் அவர்தான் பேச வேண்டும்.

கடைசியில் உபவாசம். ஜெபம் வேண்டாம் என்று நான் எப்படிச் சொல்வேன்? ஆனால் 21 நாள் சாப்பிடாமல் இருந்தால் தசை தளராது, உடம்புதான் பலவீனமாகும். உங்கள் குற்ற உணர்ச்சிக்கு இன்னும் ஒரு தண்டனையாகத்தான் அந்த உபவாசத்தைத் தேடுகிறீர்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. இப்போதே ஒவ்வொரு தரமும் படுக்கப்போகும் முன் “ஆண்டவரே, மன்னியும்” என்று சொல்லிவிட்டுத்தான் விளக்கை அணைப்பதாக எழுதியிருந்தீர்கள். அந்த ஜெபத்தை மாற்றுங்கள். 1 தீமோத்தேயு 4-இல், விவாகத்தையும் சில உணவுகளையும் விலக்கச் சொல்லும் போதனையைப் பவுல் பிசாசுகளின் உபதேசம் என்கிறார். உடனே சொல்கிறார்: “தேவன் படைத்ததெல்லாம் நல்லதாயிருக்கிறது; ஸ்தோத்திரத்தோடே ஏற்றுக்கொள்ளப்படுமாகில் ஒன்றும் தள்ளப்படத்தக்கதல்ல.” கல்யாணத்தையும் சாப்பாட்டையும் சேர்த்துத்தான் சொல்கிறார். சாப்பாட்டுக்கு முன்னால் என்ன ஜெபம் பண்ணுவீர்கள்? அதையே, இருவரும் கைகோத்துக்கொண்டு, ஒரு வரியில் சொல்லுங்கள். “ஸ்தோத்திரம் ஆண்டவரே” போதும்.

இந்த வாரத்தில் டாக்டரிடம் அப்பாயின்ட்மென்ட் வாங்கிவிடுங்கள். முதல் தடவை கணவரையும் கூட்டிக்கொண்டு போங்கள், வெளியில் உட்காரவைக்காமல் உள்ளே. அன்று ராத்திரி உன்னதப்பாட்டு ஐந்தாம் அதிகாரத்தை இருவரும் மாறி மாறி வாசியுங்கள், பெண் பேசும் வசனங்களை நீங்கள், ஆண் பேசுவதை அவர். நேசர் இரவில் வந்து கதவைத் தட்டுகிறார். அவள் எழுந்து வரத் தயங்குகிறாள். அவர் கதவை உடைக்கவில்லை. அந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்தி, உங்களுக்கு எப்படி இருக்கிறது என்று உங்கள் கணவரிடம் சொல்லுங்கள்.